மன்னார்குடி பாத்திரக் கடை: சீர் வாங்கப் போன அனுபவமும் அந்த பதினஞ்சாம் தேதி அட்டையும்

தங்கச்சி மகளுக்கு வர்ற தையில கல்யாணம், பாத்திரச் சீர் பூராவும் பெரியம்மா வீட்டு செலவுன்னு நான் ஏத்துக்கிட்டேன். தீபாவளி கூட்டம் ஓயட்டும்னு காத்திருந்து அடுத்த வாரம் கோட்டூர் பக்கத்துலேர்ந்து டவுன் பஸ் புடிச்சு மன்னார்குடி போனோம், நான், தங்கச்சி, கல்யாணப் பொண்ணு மூணு பேரும். பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ், அதனால போக வர மூணு பேருக்கும் காசு மிச்சம், அந்த மிச்சமும் கடைசில அதே கடையில ரெண்டு டம்ளரா மாறிடுச்சு, இத ஏன் சொல்றேன்னு போகப் போகப் புரியும்.

கடை பந்தலடியிலேர்ந்து நடக்குற தூரம்தான். பேரை எழுதல. கடைக்காரர் பாயோட கணக்கு வழக்கு பத்தி கொஞ்சம் எழுதப்போறேன்னு சொன்னப்போ "எழுதுங்க தங்கச்சி, கடை பேரு மட்டும் வேணாம்"னு கேட்டுக்கிட்டாரு, அத மதிக்கணும்ல.

மொதல்ல கடைய பத்தி சொல்லிடறேன். முன்பக்கம் ரொம்ப குறுகல், ஒரு ஆள் அண்டாவத் தூக்கிட்டு வெளிய வந்தா உள்ள போறவங்க ஒதுங்கித்தான் நிக்கணும், ஆனா உள்ள போகப் போக நீளமா போயிக்கிட்டே இருக்கும். மேல கொடிக்கம்பி கட்டி குடமும் தூக்கும் கொத்து கொத்தா தொங்கும். கீழ எவர்சில்வர், நடுவுல குக்கர் மிக்ஸி கிரைண்டர், மாடியில பித்தளை. வாசல்லயே ஒரு பையன் ஸ்டூல் போட்டு உக்காந்து பேரு வெட்டிக்கிட்டு இருப்பான், அந்த மிஷின் சத்தம் ரெண்டு கடை தள்ளியே கேக்கும். இந்தக் கடையில வாங்குற எதுக்கும் பேரு வெட்ட காசு கெடையாது. பொண்ணு பேரும் இனிஷியலும் மட்டும் போதும்னு சொன்னோம், அவன் கேக்காமயே சின்னதா ஒரு பூ வேற போட்டுக் குடுத்தான், தம்பி கை அவ்ளோ சுத்தம், சம்படத்தோட மூடிக்கு உள்பக்கம் கூட எழுத்து வளையாம வெட்டுறான்.

சரக்கு தரம் நல்லாருக்கு. பாய் ஒவ்வொரு பாத்திரத்தையும் கையால தட்டி சத்தம் கேக்கச் சொல்லுவாரு, கனமானது லேசானது எதுன்னு அவரே பிரிச்சு வெப்பாரு, தினமும் சோறு வடிக்கிற பாத்திரத்துக்கு லேசானத எடுத்தா "இது பலகாரம் வெக்கத்தாம்மா ஆவும், அடுப்புக்கு வேணாம்"னு திருப்பி வாங்கி வெச்சிடுவாரு. வெல கம்மியானத அவரே தடுத்து இன்னொன்ன எடுக்கச் சொன்னா நமக்கு சந்தேகம் வரும்ல, ஆனா ரெண்டு எடத்துல வெல கூடுனத கூட வேணாம்னு தடுத்தாரு, அதனால நம்பலாம். பழைய பித்தளை எடைக்கு எடுத்துக்கறாங்க, நம்ம கண்ணு முன்னாடியே தராசு. எங்க அம்மாவோட ஓட்ட தவலை ஒன்னு கொண்டு போயிருந்தேன், சேதாரம் எவ்ளோ கழிக்கிறாங்கன்னு முன்னாடியே சொல்லிட்டுதான் எடை போட்டாங்க.

கொறையும் இருக்கு. எதுலயும் வெல ஒட்டியிருக்காது, ஒவ்வொன்னுக்கும் கேக்கணும். மாடிப் படி ரொம்ப செங்குத்து, வயசானவங்க ஏற முடியாது, பித்தளைய கீழ எறக்கி காட்டச் சொன்னா காட்டுவாங்க ஆனா அதுக்கு ஆள் வரணும். பில் போட அரை மணி நேரம் ஆச்சு. போன வருசம் நான் வாங்குன குக்கருக்கு வாரண்டி அட்டையில சீல் போடாம குடுத்துட்டாங்க, அப்பறம் வால்வு போனப்போ அதுக்காகவே ஒரு தடவ கோட்டூர்லேர்ந்து வந்து போனேன், பாய் வருத்தம் சொல்லி வால்வு காசு வாங்காம போட்டுக் குடுத்தாரு, ஆனா ஒரு நாள் போனது போனதுதானே. நீங்க போனா சீல் போட்டிருக்கான்னு அங்கயே பாத்துக்குங்க.

இப்ப பில்லு. பாத்திரம் மட்டும் வரி சேக்காம 18,000 ரூவா. 2025 செப்டம்பர் 22ந்தேதிக்கு முன்னாடியா இருந்தா இதுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதம், 2,160 ரூவா கட்டியிருக்கணும். இப்ப 5 சதவீதம், 900தான். 1,260 ரூவா மிச்சம். பாய் பில்லுலயே ரெண்டு வரியா எழுதி காட்டுனாரு, பழைய வரி இவ்ளோ புது வரி இவ்ளோன்னு, இத எல்லாக் கடைக்காரங்களும் செய்யறதில்ல, வரி கொறஞ்ச மறுநாளே அடக்க வெலய ஏத்திக்கிட்டவங்களையும் நான் பாத்துருக்கேன். மிக்ஸிக்கு 18 சதவீதம் அப்படியேதான் இருக்கு, அதுல ஒன்னும் மாறல. அந்த 1,260 ரூவாய நான் வீட்டுக்கு எடுத்துட்டு போனேனான்னா இல்ல, கூட கொஞ்சம் போட்டு அங்கயே ஒரு பெரிய இட்லி கொப்பரை எடுத்துட்டேன், தங்கச்சி ரொம்ப நாளா ஆசைப்பட்டது.

வரி கொறச்சா தேவை கூடும்னு நாங்க படிச்சதுக்கு அர்த்தம் அந்த கொப்பரைதான். நான் தபால் வழியில எம்.ஏ பொருளாதாரம் படிச்சவ, வேலைக்கு போகல, எங்க ஊரு மகளிர் குழுவுக்கு பத்து வருசமா கணக்கு எழுதறேன். படிச்சப்போ மொத்தத் தேவைன்னு ஒரு வரி மனப்பாடம் பண்ணினோம், வீட்டு செலவு, தொழில் முதலீடு, அரசாங்கம் வாங்குறது, அதோட ஏற்றுமதியில இறக்குமதிய கழிச்சது, இந்த நாலையும் கூட்டுனா ஒரு நாட்டோட மொத்தத் தேவைன்னு. பரீட்சையில எழுதிட்டேன், மார்க்கும் வந்துச்சு. அது கண்ணுக்கு தெரிஞ்சது இந்தக் கடை கல்லாப்பொட்டிக்கு பின்னாடி தொங்குற அட்டைக் கட்டுலதான், அத சொல்லத்தான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

அட்டைன்னா பெருசா ஒன்னும் இல்ல. பழைய கல்யாணப் பத்திரிகைய நாலா வெட்டி, மூலையில ஓட்டை போட்டு நூல்ல கோத்தது. பின்பக்க வெள்ளையில பேரு, ஊரு, எந்தப் பாத்திரம் வேணும், அப்பறம் தேதி, குடுத்த காசு. ஒரே தடவையில பணம் கட்ட முடியாதவங்க ஒரு பொருள எடுத்து ஓரமா வெக்கச் சொல்லிட்டு அப்பப்ப 200, 300ன்னு கட்டிட்டு முழுசா முடிஞ்சதும் எடுத்துட்டு போவாங்க. வட்டி கெடையாது, பொருள் கடையிலயே இருக்கும். பில்லுக்கு காத்துக்கிட்டு இருந்த அரை மணி நேரத்துல என் அட்டைய பாய் தேடிக்கிட்டு இருந்தாரு (கிரைண்டருக்கு நானும் ஒன்னு போட்டு வெச்சிருந்தேன்), அப்போ முடிஞ்சு போன கட்டு ஒன்ன பேரை கட்டைவெரலால மறைச்சுக்கிட்டு தேதிய மட்டும் காட்டுனாரு. 15, 16, 15, 17, 16, 15. மாசா மாசம். பத்து அட்டை பாத்தேன், பத்துலயும் அதே தேதிங்கதான் திரும்ப திரும்ப.

2023 செப்டம்பர் 15லதான் கலைஞர் மகளிர் உரிமைத்தொகை ஆரம்பிச்சது, மாசம் 1,000 ரூவா, தொடக்கத்துலயே 1 கோடிக்கு மேல பொம்பளைங்க கணக்குல. அதுக்கு முந்தின வருசத்து கட்டையும் பாய் எடுத்தாரு. அதுல தேதிங்க வேற மாதிரி. மாசி பங்குனியில நெருக்கமா இருக்கும், அப்பறம் சித்திரையிலேர்ந்து ஆவணி வரைக்கும் ஒன்னுமே இருக்காது, திரும்ப ஐப்பசியில ரெண்டு வரி. சம்பா அறுத்த காசு, குறுவை அறுத்த காசு, அவ்ளோதான் எங்க ஊருக்கு. "முன்னாடி எனக்கு வருசத்துக்கு ரெண்டு அறுவடை தங்கச்சி, இப்ப மாசம் ஒரு சின்ன அறுவடை"ன்னாரு பாய்.

இதுல ஒன்ன தெளிவா சொல்லணும். உரிமைத்தொகை அரசாங்கம் வாங்குற கணக்குல வராது, ஏன்னா அரசாங்கம் அந்தப் பணத்துக்கு எதையும் வாங்கல, ஒருத்தர் கையிலேர்ந்து இன்னொருத்தர் கைக்கு மாத்துது. அத வாங்குனவங்க செலவு பண்ணாத்தான் தேவை, பொட்டியில வெச்சா தேவை இல்ல. மேட்டூர் தண்ணி வர்றதுக்கு முன்னாடி சித்திரை வைகாசியில வாய்க்கால் தூர் வாருறாங்க பாருங்க, அது நேரடியா அரசாங்க செலவு. நெல்லு கொள்முதலும் அப்படித்தான், அரசாங்கம் பணம் குடுத்து சரக்கு எடுக்குது. வரி கொறைக்கிறது மூனாவது வழி, அது என் கொப்பரை மாதிரி வாங்குறவங்க மனசு வழியா போயி தேவையா மாறணும். மூனுமே பட்ஜெட்டுலதான் இருக்கு, மூனும் ஒரே மாதிரி வேலை செய்யாது.

1936ல இங்கிலாந்து பொருளாதார அறிஞர் கெயின்ஸ் எழுதுனதோட மையமே இதுதான். ஊருல எல்லாரும் ஒரே நேரத்துல பயந்து செலவ கொறச்சா கடையில சரக்கு தேங்கும், சரக்கு தேங்குனா வேலைக்கு ஆள் எடுக்க மாட்டாங்க, வேலை இல்லன்னா இன்னும் செலவு கொறையும், அந்தச் சுழல்ல அரசாங்கம்தான் எறங்கி செலவு பண்ணணும்னு. அப்பறம் பெருக்கிக் கணக்கு. 1,000 ரூவா ஒருத்தருக்கு வருது, அவங்க 800 செலவு பண்றாங்க, அது கடைக்காரருக்கு வருமானம், அவரு அதுல 640 செலவு பண்றாரு, அடுத்தவரு 512, இப்படியே போயி மொத 1,000த்தையும் சேத்து கூட்டுனா 5,000 ரூவா வரைக்கும் போகும். அதே ஆளுங்க பாதியத்தான் செலவு பண்ணுவாங்கன்னா 2,000த்தோட நின்னுடும். காகிதத்துல இது சரி. கடைத்தெருவுல பாத்தா எவ்ளோ எடத்துல ஒழுகுதுன்னு தெரியும்.

எங்க குழுவுல 14 பேரு, 11 பேருக்கு உரிமைத்தொகை வருது. மாசக் கூட்டத்துல அந்தக் காசு எங்க போச்சுன்னு பேச்சு வராம இருக்காது, நானும் நோட்டுல ஓரமா குறிச்சு வெப்பேன். கேஸ் சிலிண்டர், புள்ள ஸ்கூல் வேன் காசு, மருந்து மாத்திரை, அப்பறம் பாத்திர அட்டை. ரெண்டு பேருக்கு மட்டும் வந்த அன்னைக்கே நகைக் கடன் வட்டிக்கு போயிடும், அந்த ரூவா எங்க கடைத்தெருவ எட்டிக் கூட பாக்காது. என் வீட்டுக்காரரோட அண்ணன் தஞ்சாவூர்ல வாத்தியாரு. 2025ல புது முறையில 12 லட்சம் வரைக்கும் வருமான வரி இல்லன்னு ஆனதுல அவருக்கு மாசம் மிச்சமாவறது எங்க குழுவுல நாலஞ்சு பேரு உரிமைத்தொகைய சேத்தா கூட வராது. அவரு அத அப்படியே தங்கத்துல போட்டுட்டாரு. தப்புன்னு சொல்ல முடியாது, அவருக்கு வேண்டிய பாத்திரம் பண்டமெல்லாம் ஏற்கனவே வீட்டுல இருக்கு. ஆனா பாய் கடையில அவரு சேமிச்ச வரியால ஒரு கரண்டி கூட கூடுதலா விக்கல, இங்க 1,000 வாங்குற என் பக்கத்து வீட்டு அக்கா தூக்கு, சம்படம், தாம்பாளம்னு ரெண்டு வருசத்துல ஒரு அலமாரியே நெரப்பிட்டாங்க.

ஒழுகுறதுல இன்னொன்னும் இருக்கு, அத நான் மாடியில பித்தளை பாத்தப்போதான் யோசிச்சேன். எவர்சில்வர் சரக்கெல்லாம் எங்கயோ வெளியூர்லேர்ந்து லாரியில வருது, நான் குடுக்குற காசுல பெரும்பங்கு திரும்ப அங்கயே போயிடுது, மன்னார்குடியில தங்குறது பாயோட லாபமும் பேரு வெட்டுற தம்பியோட சம்பளமும் லோடு எறக்குறவங்க கூலியும்தான். குத்துவிளக்கு நாச்சியார்கோயில் சரக்கு, கும்பகோணத்துக்கு பக்கத்துல, புவிசார் குறியீடு வாங்குனது, காவிரிப்படுகை மண்ணு வெச்சு அச்சு புடிச்சு வாக்குறது. அந்த விளக்குக்கு குடுத்த காசு டெல்டாவ விட்டு அவ்ளோ சீக்கிரம் வெளிய போகாது, அந்த பட்டறை ஆளு கும்பகோணத்துல துணி எடுப்பாரு, காய்கறி வாங்குவாரு. இது தெரிஞ்சப்பறம் ஒரு அடி கூடுதல் ஒசரமான விளக்கா எடுத்தேன். வாக்குன விளக்குல அடித்தட்டுக்கும் தண்டுக்கும் நடுவுல மரை சரியா ஏறுதான்னு கழட்டி மாட்டி பாருங்க, ஒன்னு எங்களுக்கு ஆடுச்சு, மாத்திக் குடுத்தாங்க.

பாய்கிட்ட பழைய கதையும் கேட்டேன். 2011க்கு அப்பறம் வீட்டுக்கு வீடு மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் விலையில்லாம குடுத்தாங்கள்ல, அப்ப என்ன ஆச்சுன்னு. ரெண்டு மூனு வருசம் மிக்ஸி விக்கவே இல்லன்னாரு. எனக்கு இது புதுசு. அதுவும் அரசாங்க செலவுதான், ஆனா அரசாங்கமே தயாரிக்கிறவங்ககிட்ட மொத்தமா வாங்கி நேரா வீட்டுல எறக்கிடுச்சு, அதனால தேவை எங்கயோ ஃபேக்டரியில கூடுச்சு, எங்க கடைத்தெருவுல கொறஞ்சுது. அப்பறம் நாலு வருசம் கழிச்சு ஜாருக்கு பிளேடு, கப்ளர், கேஸ்கெட்னு ஸ்பேர் பார்ட்ஸ் யாவாரம் புடிச்சுக்கிச்சாம், அதுக்குன்னே ஒரு ஆள வேலைக்கு வெச்சாரு, அந்த ஆளு இப்பயும் நடுவுல ஒரு மேஜை போட்டு உக்காந்திருக்காரு. வீட்டுல மிக்ஸி வந்த பொம்பளைக்கு அம்மியில அரைக்கிற நேரம் மிச்சமாச்சே, அந்த நேரத்த எதுல கணக்கு பாக்குறது? நான் அந்தத் திட்டத்த கொறை சொல்ல மாட்டேன், எங்க அம்மா கையில காய்ச்ச தோலு போனது அதுலதான். ஆனா தேவை எந்த ஊருல கூடும்ங்கிறது பொருளா குடுக்குறாங்களா பணமா குடுக்குறாங்களான்னு பொறுத்து மாறுதுன்னு இந்தக் கடையிலதான் தெரிஞ்சுக்கிட்டேன்.

கொரோனா சமயத்துக் கதை இதுக்கு நேர் எதிர். 2021 மே, ஜூன்ல ரேஷன் கார்டுக்கு 2,000 வீதம் ரெண்டு தவணையா குடுத்தாங்க. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை நாலு மாவட்டமும் தொற்று கூடுதலா இருந்த 11 மாவட்டத்துல சேத்தி, ஊரடங்கு தளர்வெல்லாம் மத்தவங்களுக்கு அப்பறம்தான். கையில பணம் இருக்கு, கடை பூட்டியிருக்கு. பாய் ஷட்டரை எறக்கிட்டு வீட்டுல உக்காந்திருந்தாரு, பேரு வெட்டுற தம்பிக்கு பாதி சம்பளம். அந்த 4,000 அப்ப அரிசி பருப்புக்கும் வைத்தியத்துக்கும் போயி எத்தனையோ குடும்பத்த காப்பாத்துச்சு, எங்க வீடு உள்பட, ஆனா விக்கிறவங்களே இல்லாதப்ப தேவைய எவ்ளோ தூண்டுனாலும் பாத்திரம் நகராது.

2023ஐத்தான் நான் அடிக்கடி நெனச்சுப் பாக்கறது. அந்த வருசம் ஜூன் 12ல மேட்டூர் தெறந்தாங்க, நம்பி குறுவை போட்டோம், தண்ணி பத்தல, அக்டோபர்லயே அணைய மூடிட்டாங்க. எங்க ஆறு மா நெலத்துல பாதி கருகிடுச்சு. கருகின குறுவைக்கு ஹெக்டேருக்கு 13,500 நிவாரணம் அறிவிச்சாங்க. அந்த வருசம் செப்டம்பர்லதான் மொத உரிமைத்தொகையும் வந்துச்சு. வழக்கமா குறுவை போனா அந்த தீபாவளிக்கு கடைத்தெருவே வெறிச்சோடிப் போயிருக்கும், அந்த வருசத்து அட்டைய பாய் காட்டுனாரு, பெருசா ஒன்னும் இல்ல, 100, 150ன்னு சின்ன தொகைங்கதான், ஆனா அறுந்து போகாம தொடர்ந்து இருக்கு. வெளைச்சல் விழுந்தப்ப ஊரோட செலவு மொத்தமா விழாம ஒரு கட்டை மாதிரி முட்டு குடுத்தது அதுதான். இதுக்கு புத்தகத்துல பேரெல்லாம் இருக்கு, நான் பாத்தது அந்த 100 ரூவா வரிங்கள.

அதே நேரத்துல பணம் அறிவிச்சா மட்டும் போதாது, நேரத்துக்கு வரணும். நூறு நாள் வேலைக்கு நாள் கூலி 2024-25ல 319 ரூவா, 2025-26ல 336. ஆனா 2024 நவம்பர் கடைசியிலேர்ந்து தமிழ்நாட்டுக்கு சம்பளப் பணம் நின்னு போச்சு, 1,056 கோடி பாக்கின்னு 2025 ஜனவரியில முதலமைச்சர் பிரதமருக்கு கடிதம் எழுதுற நிலைமை. பொங்கல் அப்படியே போச்சு. எங்க மாமியாரு வேலை பாத்துட்டு பாஸ்புக்க எடுத்துக்கிட்டு மூனு தடவ போயி வந்தாங்க. பொங்கலுக்கு புதுப்பானை வாங்க வர்ற கூட்டம் அந்த வருசம் பாதி கூட இல்லன்னு பாய் சொன்னாரு, சர்க்கரைப் பொங்கல் வெக்கிற வெங்கலப் பானைய வெல கேட்டுட்டு வெச்சுட்டு போனவங்கதான் அதிகமாம். அந்தப் பாக்கி அப்பறம் வந்துச்சு, ஆனா அதுக்குள்ள அந்த சனம் கைமாத்து வாங்கியிருக்கும், வந்த பணம் கடனுக்கு போயிடும். கணக்குல ரெண்டும் ஒரே செலவு. கடைத்தெருவுக்கு ரெண்டும் ஒன்னில்ல.

நெல்லுப் பணமும் அப்படித்தான். 2025-26 சீசன் கொள்முதல் வெல சன்ன ரகத்துக்கு குவிண்டால் 2,545, பொது ரகத்துக்கு 2,500, மத்திய அரசு வெலைக்கு மேல மாநில அரசு ஊக்கத்தொகை சேத்து. வெல நல்ல வெல, மனசார சொல்றேன். ஆனா அறுத்த நெல்ல கொண்டு போயி கொட்டிட்டு ஐப்பசி மழையில தார்ப்பாய் மூடி மூடி நாங்க பன்னெண்டு நாள் காவல் இருந்தோம். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல இருந்தா எடுக்க மாட்டாங்க, மழை பேயுறப்ப அது எங்கேர்ந்து எறங்கும், என் வீட்டுக்காரரு ராத்திரியெல்லாம் கிளறி விட்டாரு. கடைசில எடுத்தாங்க, கணக்குல பணமும் வந்துச்சு, அதுலதான் இந்த சீர். ஒரு மாசம் முன்னாடி வந்திருந்தா தீபாவளிக்கு முன்னாடியே வாங்கியிருப்பேன், அறுப்பு மிஷினுக்கு கடன் சொல்லியிருக்க மாட்டேன்.

மிஷின்னு சொன்னதும் இன்னொன்னு. எல்லாரும் ஒரே வாரத்துல அறுக்கணும், வயல்ல சேறு, டயர் மிஷின் எறங்காது, செயின் மிஷின்தான் வேணும், அது ஊருக்கு நாலுதான் வருது. அப்ப எல்லார் கையிலயும் பணம் இருந்தா என்ன ஆகும், மணிக்கு வாடகைதான் ஏறும், அறுக்குற பரப்பு கூடாது. அரசாங்கம் பணத்த அள்ளி விட்டா எப்பவும் நல்லதுன்னு நெனைக்கிறவங்க இந்த எடத்த பாக்கணும். சும்மா கெடக்குற ஆளும் சரக்கும் இருக்குறப்ப வர்ற பணம் யாவாரமா மாறும், எல்லாம் நெரம்பி வழியுறப்ப வர்ற பணம் வெலவாசியா மாறும். பாய் கடையில சரக்கு கட்டு பிரிக்காம கெடந்துச்சு, தம்பி சில நாள் வேலை இல்லாம உக்காந்திருந்தான், அதனால அந்த 15ந்தேதி காசு அங்க வெலய ஏத்தல, வேலைய கூட்டுச்சு.

எப்படி செலவு பண்றாங்கங்கிறதும் முக்கியம். தூர் வாருற வேலையவே எடுத்துக்குங்க. எங்க வாய்க்கால ஒரு வருசம் ஹிட்டாச்சி வெச்சு வாருனாங்க, மூனு நாள்ல முடிஞ்சுது, காசு டீசலுக்கும் மிஷின் ஓனருக்கும் போச்சு. இன்னொரு பக்கத்து கன்னி வாய்க்கால நூறு நாள் ஆளுங்க வாருனாங்க, நெறய நாள் ஆச்சு, கூலி அம்பது அறுபது வீட்டுக்கு பிரிஞ்சு போச்சு. பெரிய ஆத்துக்கு மிஷின் இல்லாம முடியாது, ஒத்துக்கறேன், ஜூன் 12க்குள்ள முடிக்கணும். ஆனா சின்ன வாய்க்காலுக்கும் மிஷினே போட்டா அந்த வருசம் கடைத்தெருவுக்கு வர்ற காசு கொறையுது, தண்ணி வர்றது என்னவோ ரெண்டுலயும் ஒன்னுதான்.

தண்ணின்னதும் மேட்டூர். 1925ல ஆரம்பிச்சு 1934ல முடிச்சது, உலகமே பொருளாதார மந்தத்துல கெடந்த வருசங்க அதுக்குள்ள வருது. மந்தத்த போக்கணும்னு கட்டுனது இல்ல அது, பாசனத்துக்கு கட்டுனது. கட்டுறப்ப கூலி குடுத்துச்சு, கட்டி முடிச்சப்பறம் 90 வருசமா நெல்லு குடுக்குது. கட்டுற அன்னைக்கு தேவைய கூட்டுனது, பின்னாடி வெளைச்சலையே கூட்டுனது, இந்த ரெண்டும் சேந்த செலவுக்கு அரசாங்கம் கடன் வாங்குனா எனக்கு பயம் இல்ல. வட்டி கட்டவே கடன் வாங்குறதுதான் பயம், எங்க குழுவுல அப்படி மாட்டுன ரெண்டு வீட்ட கிட்டேர்ந்து பாத்துருக்கேன். அரசாங்கம் வீடு மாதிரி இல்ல, அதுக்கு வரி போட முடியும், கடன பல வருசம் தள்ள முடியும், மந்தத்துல கைய இறுக்கக் கூடாதுன்னுதான் நான் படிச்சதும் நம்புறதும். 2020-21ல மத்திய அரசோட நிதிப் பற்றாக்குறை (வரவுக்கு மேல பண்ணுன செலவு) உள்நாட்டு உற்பத்தியில 9 சதவீதத்த தாண்டுச்சு, அப்ப தாண்டாம இருந்திருந்தாத்தான் தப்பு. நல்ல வெளைச்சல் வருசத்துலயும் அதே மாதிரி போனா அடுத்த வறட்சிக்கு கையில என்ன இருக்கும்னு கேக்கணும்.

சரி, கடைக்கு வர்றேன். நீங்க சீர் வாங்கப் போறதா இருந்தா 15, 16, 17 மூனு நாளும் போகாதீங்க, கூட்டம் தாங்காது, பாயால நின்னு பேச முடியாது. 20ந்தேதிக்கு மேல போங்க. காலையில பத்தரைக்குள்ள போனா பேரு வெட்ட காத்திருக்க வேணாம். எழுத வேண்டியத ஒரு பேப்பர்ல பெருசா எழுதிக் குடுத்துடுங்க, வாயால சொன்னா ழ, ள, ல குழப்பம் வரும், எங்களுக்கு முன்னாடி நின்னவங்களுக்கு ஒரு அண்டாவுல அப்படி ஆகி தம்பி தேய்ச்சு திரும்ப வெட்டுனான். அடுக்கு வாங்குனா எல்லாத்துக்கும் மூடி பொருந்துதான்னு ஒவ்வொன்னா மாத்தி போட்டுப் பாருங்க. வெளியூருக்கு லோடு ஆட்டோ அவங்களே புடிச்சுத் தருவாங்க, வாடகை நம்மதுதான். அட்டை போடறவங்க ஒவ்வொரு தடவ கட்டுறப்பயும் உங்க கையில இருக்குற ஜோடி அட்டையிலயும் எழுதி வாங்குங்க, பாய் ஒழுங்கான மனுசன், ஆனா கடையில நாலு பேரு கல்லாவுல உக்காருறாங்க.

அஞ்சுக்கு நாலு குடுப்பேன், ஒன்னு அந்த பில்லு போடற நேரத்துக்கும் வெல ஒட்டாததுக்கும் கொறச்சேன். கிரைண்டர இன்னும் எடுக்கல. என் அட்டையில ஏழு வரி ஆயிருக்கு, இன்னும் ரெண்டு 15ந்தேதி வந்தா முடிஞ்சுடும், கல்யாணத்துக்கு முந்தின வாரம் போயி எடுத்துக்கலாம்னு பாய்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன், அதுல பேரு வெட்ட வேணாம், அது எனக்கு.